கீழ்வீட்டுக்காரனுக்கு ஒரு பற்றுச்சீட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழ்வீட்டில் வாடகைக்கு இருப்பவனை எனக்குப் பிடிக்காது. இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே இல்லாத ஒருவனைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள், அவனை ஒரு மாதம் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

வெள்ளவத்தையில், ரயில் பாதையைத் தாண்டிக் கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. மேலே நானும் என் கணவரும். கீழே வாடகை. அவன் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தவன். துறைமுகத்தில் வேலை செய்தபோது பாரம் விழுந்து கால்கள் போய்விட்டன என்றும், வீட்டிலிருந்தே போன் திருத்திப் பிழைப்பதாகவும் சொன்னான்.

"அன்ரி, வாசல்ல ஒரு சரிவு கட்டிக்கிறேன். என்ட செலவுதான்" என்று கேட்டான். சம்மதித்தேன். சக்கர நாற்காலிக்குச் சீமெந்துச் சரிவு, குளியலறையில் பிடித்து எழும்பக் கம்பி, அகலக் கதவு எல்லாம் தன் காசில் செய்தான். ஒரு வருடம் வாடகையும் ஒழுங்காகத் தந்தான். பிறகு தவணை சொல்லத் தொடங்கினான். நட்டஈட்டு வழக்கு முடியட்டும், அடுத்த மாதம் பார்ப்போம், அதற்கடுத்த மாதம் பார்ப்போம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் என் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நாலு பேர் அவரைக் கதிரையோடு தூக்கிப் பத்தொன்பது படி ஏற்றினார்கள். அதன் பிறகு அவர் இறங்கவில்லை. பின்னேரத்தில் கடற்கரைக்கு நடக்காமல் ஒரு நாளும் இருந்திராத மனிதர், எட்டு மாதம் யன்னலடியில் இருந்து ரயில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கீழே அவருக்கென்றே அளவெடுத்துக் கட்டியதுபோல ஒரு வீடு இருந்தது. அதற்குள் வாடகை தராத ஒருவன் இருந்தான்.

உண்மையைச் சொன்னால், அதுவரை பொறுத்திருந்த பாக்கி, அவர் அப்படி ஆன பிறகுதான் எனக்குப் பொறுக்கமுடியாததாகப் போனது.

இறங்கிப் போய்க் கேட்டேன். "தம்பி, அங்கிளைக் கீழ கொண்டுவரவேணும். பாக்கிக் காசும் வேண்டாம், வீட்டை விடுங்கோ."

"நான் எங்க போறது அன்ரி? எத்தனை வீடு கேட்டுட்டேன். பாதி மேல்மாடி. மத்தவங்க என்ட காலைப் பார்த்திட்டு ஆள் வந்தாச்சுங்கிறாங்க."

"அது என்ர பிரச்சினையில்லை."

"அங்கிளுக்கு நீங்க இருக்கீங்க. எனக்கு இந்தச் சரிவுதான் இருக்கு" என்றான். அவன் குரலில் கெஞ்சல் இருந்திருந்தால் ஒருவேளை இரங்கியிருப்பேன். அவன் என்னை நேரே பார்த்துத்தான் சொன்னான். அன்றோடு அவனைத் தம்பி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டேன்.

பிறகு நடந்தது சண்டைதான். காலையில் தண்ணீர் மோட்டரைப் போடாமல் பிந்தினேன். அவன் தும்புத்தடியால் கூரையில் இடித்தான். நான் மேல் விறாந்தையைக் கழுவி, அந்தத் தண்ணீர் அவனுடைய சரிவில் விழும்படி விட்டேன். அவன் ஞாயிறு பூசையை வானொலியில் ஒழுங்கை முழுதும் கேட்க வைத்தான். அயலில் எல்லோரும் "பாவம், காலில்லாத பிள்ளை" என்றார்கள். அந்தப் பாவம் பார்த்தவர்களில் ஒருவராவது அவனுக்கு ஓர் அறை கொடுத்தார்களா?

கடைசியில், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, வீட்டை விடும்படி நோட்டீஸ் அனுப்பினேன். "இனி அவர் என்ன தந்தாலும் வாங்காதேங்கோ. வாடகையெண்டு வாங்கி ரிசீட் எழுதினால் நோட்டீஸ் செத்துப்போகும். முதல்ல இருந்து தொடங்கவேணும்" என்று சட்டத்தரணி இரண்டு தரம் சொன்னார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து இதை என் கணவரிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பேச முடியாதவரிடம் எதையும் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டேன்.

நோட்டீஸ் காலம் முடிந்ததும் வழக்குப் பத்திரத்தில் ஒப்பமிட ஒரு காலை புதுக்கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது படியடியில் அவனுடைய சக்கர நாற்காலி வெறுமையாக நின்றது. ஓடி ஏறினேன்.

என் கணவரின் கதிரையடியில், நிலத்தில் அவன் இருந்தான். காற்சட்டையின் பின்புறமெல்லாம் படிப் புழுதி. மேசையில் ஒரு மாத வாடகை. பக்கத்தில் பற்றுச்சீட்டுப் புத்தகம்.

என் கணவர் புறக்கோட்டையில் ஒரு மொத்தக்கடையில் நாற்பது வருடம் கணக்கெழுதியவர். காசு கைமாறினால் சீட்டெழுதாமல் அவருக்குச் சோறு இறங்காது. என்னிடம் சந்தைக்குக் காசு தந்தால்கூட எழுதி வைப்பார். எழுதிப் பழகாத இடது கையால், பாலர் வகுப்புப் பிள்ளையைப் போலக் கோணல்மாணலாக, மாத வாடகை பெற்றுக்கொண்டேன் என்று எழுதி ஒப்பமும் வைத்திருந்தார்.

"ஆரைக் கேட்டு மேல வந்தனீ?"

"வாடகை குடுக்க வந்தேன். நீங்க வாங்க மாட்டீங்க. அதான் நீங்க இல்லாத நேரம் வந்தேன்."

"நோட்டீஸ் செத்துப்போகுமெண்டு தெரிஞ்சுதானே வந்தனீ?"

"ஓம், தெரியும். நானும் புதுக்கடையிலதான் விசாரிச்சேன்."

நான் என் கணவரைப் பார்த்துக் கத்தினேன். "உங்களுக்காகத்தானே இந்த நாய்ப்பாடு படுறன்!"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் படித்தலைப்புக்கு நகர்ந்து, கைகளை ஊன்றி, இருந்தபடியே ஒரு படி இறங்கினான். பிறகு இன்னொன்று. என் கணவர் கதிரையிலிருந்து சரிந்தார். விழுகிறார் என்று ஓடிப்போய்ப் பிடித்தேன். என் கையைத் தட்டிவிட்டுப் படித்தலைப்புவரை நகர்ந்து போனார்.

"இடது கையை ஊன்றுங்க அங்கிள். அவசரமில்ல. நான் முன்னால போறேன்" என்றான் அவன்.

பத்தொன்பது படி. நான் பின்னால் அவருடைய சட்டைக் கழுத்தைப் பிடித்தபடி போனேன். ரயில் இரண்டு தரம் போனது. கீழே வந்ததும் அவன் கடைசிப் படியில் இருந்துகொண்டு, நாற்காலியை எங்கள் பக்கம் தள்ளிவிட்டான்.

"கடலுக்குக் கூட்டிட்டுப் போங்க. வர்றவரைக்கும் இங்கதான் இருப்பேன்."

நாலு பேர் தேவைப்படவில்லை. நானும் அவனும் சேர்ந்து அவரை நாற்காலியில் ஏற்றிவிட்டோம். அந்தச் சரிவில் அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். கடலைக் கண்டதும் அவர் அழுதார். செத்துப்போன வழக்குப் பத்திரம் என் கைப்பையில் இருந்தது.

அவன் இன்னமும் கீழேதான் இருக்கிறான். வாடகை இன்னமும் பிந்தித்தான் வருகிறது. ஒவ்வொரு பின்னேரமும் என் கணவர் இருந்தபடியே படியிறங்கி அவனுடைய நாற்காலியில் ஏறுகிறார். திரும்பி வந்து அதேபோல இருந்தபடியே, பின்பக்கமாகப் படியேறுகிறார். அவரைக் கீழே கொண்டுவர எட்டு மாதமாகச் சண்டை பிடித்து, புதுக்கடைப் படியெல்லாம் ஏறிய எனக்கு, வீட்டுப் படியில் ஒரு நாள் இருத்திப் பார்க்கத் தோன்றவில்லையே. அதை இவன் வந்து காட்டினானே, அதைத்தான் நான் இன்னும் மன்னிக்கவில்லை.