அரை மொந்தை

ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடுவதற்கு முந்தைய வருஷம் என் முழங்கால்கள் வீங்கிவிட்டன. உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். மகளின் நிச்சயப் பந்தியில் சம்பந்திகள் முன்னால் மானம் போகுமே என்று கவலை. வைத்தியர் கள்ளைக் குறைக்கச் சொன்னார். அந்தி மொந்தையைப் பாதியாக்கினேன்.

"கள்ளுதான் புள்ள வலிக்கு மருந்து," என்று என் மீதியையும் வீட்டுக்காரரே குடித்தார்.

ஓமலூரில் பந்தி முடிந்ததும் கை ஊன்றாமல் எழுந்தேன். அவர் மட்டும் இலைமுன் அசையாமல் இருந்தார்.

"ஏனுங்க, இன்னும் பாயாசம் வருமுன்னு உக்காந்திருக்கீங்களா?"

"காலு புடிச்சுக்கிச்சு புள்ள. கையக் குடு."

"ரெண்டு பேரு மருந்தையும் குடிச்சீங்களே, கேக்கலீங்களா?"

சம்பந்தியம்மா பார்க்கவே தூக்கிவிட்டேன். மறுநாள் அந்தியில் அவர் மொந்தையிலும் பாதிதான் இருந்தது.