முகப்பில் கட்டிய முகம்

முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து நேராக நிற்காது. ஒரு வரி மேலே ஏறும், அடுத்த வரி கீழே இறங்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை நிறைய இருக்கும். வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும்.

தங்கை மகளுக்கு எழுமலையில் காதுகுத்து. தங்கைக்கு நான் ஒருவன்தான் அண்ணன். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். பத்தரைக்குள் நல்ல நேரம். பிள்ளை பிறந்ததிலிருந்தே நான் ஆசையாக நினைத்திருந்தது அது ஒன்றைத்தான். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. நிற்கவும் வராது. பிள்ளையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வரும்.

நான் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் பூ வண்டி ஓட்டுகிறேன். அங்கேயே மாலை வாங்கிக்கொண்டு, சீர்த்தட்டுகளைப் பின்னால் அடுக்கி, நானும் மனைவியும் அவள் தம்பியும் என் பழைய காரில் கிளம்பினோம். மச்சினன் ஒரு ஃபிளக்ஸைச் சுருட்டி வைத்திருந்தான். காரின் முன்னால் கட்டுவதற்காம். விரித்தான். ‘தாய்மாமன் சீர்’ என்ற எழுத்துக்குக் கீழே என் முகம், அண்டா அகலத்துக்கு. அச்சடித்த கடைக்காரர் கறுப்புக் கண்ணாடி வேறு மாட்டிவிட்டிருந்தார்.

“ஊருக்குள்ள வேணாம் மாப்ள,” என்றேன்.

“சரி மச்சான், நாகமலை தாண்டிக் கட்டிக்குவோம். எங்கக்காளக் கட்டுனவரு யாருன்னு நாலு பேரு பாக்கட்டும்.”

சொன்னபடியே அந்த ஊர் தாண்டியதும் நிறுத்தச் சொல்லி, பம்பரிலிருந்து கிரில் உச்சி வரை, பானெட்டில் மாட்டாமல், விறைப்பாக இழுத்துக் கட்டினான். அவன் முகத்தில் அம்புட்டு சந்தோஷம். நான் வண்டியை எடுத்தேன்.

பிறகு நீளமான சாலை. வலப்பக்கம் மலை படுத்துக்கொண்டே கூட வந்தது. தூரத்தில் தார் மேல் தண்ணீர் தேங்கியதுபோல் மினுங்கும். கிட்டப் போனால் இருக்காது, இன்னும் தூரத்தில் போய்த் தேங்கும். காருக்குள் மல்லிகை வாசம் நிறைந்திருந்தது. என் முகம் முன்னால் போகிறது, நான் அதன் பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அப்படியே போய்க்கொண்டிருந்தவன் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தபோது அது சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது.

ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கி அணைத்தேன். பானெட்டைத் தூக்கினால் ஆவி. மச்சினன் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனான்.

“தொடாத மாப்ள. வெந்நி மூஞ்சில அடிக்கும்.”

சூடு தணியும்வரை ஒன்றும் செய்ய முடியாது. காத்திருந்தோம். ஆவி மரத்துக்குள் ஏறி, இலைகளுக்கு நடுவே வெயிலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கலைந்தது. மடியில் பிள்ளை இருப்பதுபோல் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தங்கை போன் செய்தாள்.

“அண்ணே, எங்க வாரீக? நேரம் போச்சுன்னா எங்க வீட்டுக்காரரோட பெரியப்பா மகன் மடியில வச்சுக் குத்திரலாம்ங்கிறாக.”

“வாரேன்த்தா,” என்று மட்டும் சொன்னேன்.

ரப்பர் குழாய் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், ஈரத்துணி போட்டு மூடியைத் திறந்தேன். தண்ணீர் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. ஊற்றினேன். கீழே ஒழுகவில்லை. பெல்ட் இறுக்கமாக இருந்தது. சாவியைத் திருப்பினேன், முள் இறங்கியிருந்தது. கிளம்பினோம்.

உசிலம்பட்டி வருவதற்குள் முள் மறுபடி ஏறிவிட்டது.

இம்முறை உடனே அணைக்கவில்லை. ஓரமாக நிறுத்தி, ஓடவிட்டே இறங்கினேன்.

“கூலிங் கிளாசு போட்டும் சூடு அடங்கலையே இவருக்கு,” என்றாள் மனைவி, ஃபிளக்ஸைப் பார்த்து. மச்சினன் சிரிக்கவில்லை. அவனுக்கும் பயம் வந்திருந்தது.

நான் காரின் முன்னால் குத்தவைத்தேன். என் முகத்துக்கு நேரே என் முகம். உள்ளே மின்விசிறி வேகமெடுத்தது. அப்போது அந்தப் பெரிய முகத்தின் கன்னங்கள் உள்ளே போயின. பல் இல்லாதவன் பீடி இழுப்பதுபோல் ஒட்டிப்போய் அப்படியே நின்றன. விசிறி நின்றதும் மெதுவாக உப்பின. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூச்சுக்குத் தவிக்கிற ஆளைப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகுதான் உறைத்தது. நாகமலை வரை முள் நடுவில்தான் இருந்தது. காற்றுப் போகிற வழியை நாங்களே கட்டிவைத்திருக்கிறோம்.

“மாப்ள, இத அவுக்கணும்.”

அவன் முகம் சுருங்கியது. “வேற எதும் இருக்கும், பாருங்க மச்சான். ஊருக்குள்ள இதோட போயி எறங்கணும்னு இருந்தேன்.”

“கையக் குடு.” அவன் கையைப் பிடித்து ஃபிளக்ஸுக்கும் கிரில்லுக்கும் நடுவில் வைத்தேன். விசிறி திரும்ப ஓடியதும் ஃபிளக்ஸ் அவன் விரல்களை அமுக்கியது. கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு முடிச்சுகளை அவிழ்த்தான்.

நிழலில் நின்று முள் இறங்கும்வரை பார்த்துக் கிளம்பினோம். அதன்பின் அது நடுவைத் தாண்டவில்லை. ஃபிளக்ஸ் மச்சினன் மடியில் சுருண்டு கிடந்தது. அதை ஒரு பிள்ளையைப்போல் பிடித்திருந்தான். பருத்திக்காடுகள் வந்தன, போயின. நான் வண்டி ஓட்டுகிறேனா, வயல்கள்தான் எங்களை ஓட்டிப்போகின்றனவா என்று தெரியவில்லை.

எழுமலையில் இறங்கும்போது ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா மகன் மணையில் உட்கார்ந்தேவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாய்யா, எடத்தச் சூடாக்கி வச்சிருக்கேன்,” என்றார்.

கரி படிந்த கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைத்தார்கள். எதிரே பந்தல் காலில் மச்சினன் அந்த ஃபிளக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தான். அங்கே நல்ல காற்று. கன்னங்கள் உப்பி உப்பி அடங்கின. பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி ஏறியபோதுதான் என் கையைப் பிடித்தாள்.

அழுது முடித்து, “மாமா, ஒங்கையி சுடுது,” என்றாள். ஆனால் விடவில்லை.

ஆவணி ஒன்பது, சாயங்காலம்.