கழுவாத வாரங்கள்

என் அப்பா வரதன் ஒரு நாளைக்கு மூன்று முறை மாட்டுக்கொட்டகையைக் கழுவுவார். பால் கறக்கும் முன் ஒரு முறை, வெயில் ஏறியதும் ஒரு முறை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு முறை. மாடுகள் இரண்டுதான். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்கள் ஒற்றை அறை வாடகை வீட்டை ஒட்டிய தகரச் சாய்ப்புதான் கொட்டகை. சாப்பிடும்போது மாடு மூத்திரம் பெய்யும் சத்தம் கேட்டால் தட்டை விட்டு எழுவார். இடக்கையால் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு வந்து மறுபடி உட்காருவார்.

அந்தத் தெருவில் மாடு வைத்திருந்தவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். அவர்கள் வாசலைக் கடக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்பவர்கள் எங்கள் வாசலில் கையை இறக்கிவிடுவார்கள். அவர் அதைக் கவனிப்பார். அதைப் பற்றிப் பேசியதில்லை.

நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். புளியந்தோப்பு வாரியக் குடியிருப்பில் வளர்ந்தவர். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் இடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார். மாலையில் தலை முதல் கால் வரை கரியாக வருவார். பஸ்ஸில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டுதான் வருவார், பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காருவதைப் பார்க்க வேண்டாம் என்று. வாசலில் அம்மா தண்ணீர் எடுத்து வைத்திருப்பாள். குளித்து முடிக்கும்வரை என்னைத் தொடமாட்டார். நிலக்கரியை எண்ணூர்ப் பக்கம் மாற்றியபோது அவருக்கு வேலை போயிற்று. கையில் வந்த பணத்தில் மாடு வாங்கினார். ஒன்றின் பெயர் ரோசி. மற்றொன்று யாரையும் நிமிர்ந்து ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் தீவனத்தில் வாய் வைக்கும். அதற்கு டீச்சர் என்று பெயர் வைத்தார்.

நான் கல்லூரியில் இருந்தபோது அம்மா இறந்தாள். பிறகு எனக்கு வேலை கிடைத்து வேளச்சேரியில் அறை எடுத்துத் தங்கிவிட்டேன். தீபாவளிக்கும், ஏப்ரல் பதினான்குக்கும், அம்மாவின் நினைவு நாளுக்கும் வீட்டுக்குப் போவேன். மற்ற நாட்களில் அவரும் மாடுகளும்தான்.

நான் படித்தது சுற்றுச்சூழல் பொறியியல். கிண்டிப் பக்கம் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒப்பந்த வேலை. வடசென்னைக் காற்றில் எது எவ்வளவு கலக்கிறது என்று கணக்கெடுக்கும் திட்டம். தொழிற்சாலைக்கு ஆள் இருந்தார்கள். லாரிக்கும் கப்பலுக்கும் சாம்பலுக்கும் ஆள் இருந்தார்கள். பட்டியலில் கடைசி வரி கால்நடை. அது எனக்கு வந்தது.

மூத்திரமும் சாணமும் ஒன்றாகக் கிடந்தால் அமோனியா கிளம்பும். காற்றிலுள்ள மற்றப் புகைகளோடு சேர்ந்து அது நுண்துகளாகும். தவிடும் வைக்கோலும் காய்ந்த சாணமும் மிதிபட்டுத் தூசியாகும். ஒரு மாடு வருடத்துக்கு இத்தனை கிலோ வெளிவிடுகிறது என்று ஓர் எண் இருந்தால் போதும், ஊரிலுள்ள மாடுகளின் எண்ணிக்கையால் பெருக்கிவிடலாம். எங்களிடம் இருந்த எண் ஐரோப்பாவில் எடுத்தது. அங்கே மாடு மூடிய கட்டடத்தில் நின்று, அளந்து போட்டதைத் தின்னும். காலடிப்பேட்டை மாடு தவிடு தின்னும், மார்க்கெட்டில் கழித்த கோசுத் தழை தின்னும், சமயத்தில் சுவரொட்டியும் தின்னும். நம் மாட்டுக்கு நம் எண் வேண்டும் என்றார் திட்டத் தலைவர் டென்னிஸ் சார்.

அமோனியாவைப் பிடிக்க விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய், உள்ளே அமிலம் தோய்த்த தாள். தூசிக்கு ஒரு சின்ன பம்பு. ஒரு வாரம் தொங்கவிட்டு எடுத்து ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். திருவொற்றியூரில் யாரும் உள்ளே விடவில்லை. மாட்டைப் பிடித்துக்கொண்டு போக மாநகராட்சி எங்களை அனுப்பியிருக்கிறது என்று நினைத்தார்கள். கடைசியில் நைனாவிடம் கேட்டேன். எந்த உயரத்தில் மாட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டார். பிறகு கொருக்குப்பேட்டையிலும் மணலியிலும் சில கொட்டகைகள் கிடைத்தன. அவற்றை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். நைனாவின் கொட்டகை என்னுடையது.

புதன்கிழமைதோறும் குழாய் மாற்றப் போனேன். கிண்டியில் ஏறினால் ஒரே ரயில். அன்றைக்கு மட்டும் அவர் நெத்திலி வாங்குவார். நான் குழாயைக் கழற்றும்போது பக்கத்தில் வந்து நிற்பார். இன்னா சொல்லுது என்பார். ஆய்வகத்தில் கொடுத்தால்தான் தெரியும் என்பேன். போன வாரத்தது எவ்வளவு என்பார். கொஞ்சம்தான் நைனா என்பேன். பரீட்சையில் பாஸான பையனின் அப்பாபோல டீச்சரைப் பார்ப்பார். பிறகு சாப்பிடுவோம். அதிகம் பேசமாட்டோம். வெயில் இறங்கியதும் மெட்ரோ வரை கூட வருவார். நான் படியேறித் திரும்பிப் பார்க்கும்போதும் அங்கேயே நிற்பார்.

ஆடி முடியும்போது டென்னிஸ் சார் எல்லா எண்களையும் பரப்பி வைத்துப் பார்த்தார். மற்ற கொட்டகைகளில் வருவதில் பாதிகூட எங்கள் கொட்டகையில் இல்லை. உடனே தண்ணீர் ஊற்றிவிட்டால் மூத்திரம் சாணத்தோடு சேரும் முன் சாக்கடைக்குப் போய்விடும், காற்றுக்கு வருவது குறையும். சாக்கடையில் அது கிளம்பலாம். சாக்கடை எங்கள் கணக்கில் இல்லை. டென்னிஸ் சார் அடுத்துச் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. இப்படிக் கழுவுகிறவரை வைத்து மற்றவர்களை மதிப்பிட முடியாது, அடுத்த மாதம் கருவியை வேறு கொட்டகைக்கு மாற்றிவிடலாம் என்றார்.

அந்தப் புதன்கிழமை நைனாவிடம் சொன்னேன். அவர் ரோசியின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சுத்தமா கீதுன்னு எட்துனு போறாங்களா?"

"ஆமா நைனா. மத்த எடம் மாதிரி இல்லயாம்."

"இது இன்னாம்மா பேஜாரு. நாறினாத்தான் பாஸா?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அப்புறம் நீ எப்ப வருவே என்றார். வருவேன் என்றேன். அவர் ஈரத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரமா, நீ வர்றதுக்கு இது நாறித்தான் ஆவணும்னா நாறிட்டுப் போவட்டும். நான் கழுவல."

நான் புதுக் குழாயை எடுத்து மாட்டினேன். எனக்கும் புதன்கிழமை வேண்டியிருந்தது.

கொட்டகை கழுவும் ரப்பர் குழாயைச் சுருட்டித் தகரத்தின்மேல் போட்டார். மற்றவர்களைப் போலக் காலையில் ஒரு முறை சாணத்தை வாரி மூலையில் தள்ளுவதோடு சரி. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. வீட்டிலிருந்த பாத்திரங்களையெல்லாம் தேய்த்துக் கவிழ்த்தார். ஜன்னல் கம்பியைத் துடைத்தார். எங்கள் வாசலைக் கழுவும்போது எதிர்வீட்டு வாசலையும் சேர்த்துக் கழுவினார். மாடு மூத்திரம் பெய்தால் சோற்றில் வைத்த கை ஒரு கணம் நிற்கும். பிறகு சாப்பிடுவார்.

எண்கள் ஏறின. சில வாரத்தில் மணலியோடு ஒத்துப்போயின. டென்னிஸ் சார் காரணம் கேட்டார். முழங்கால் வலி, முன்போல் குனிய முடியவில்லை என்றேன். முழங்கால் வலி உண்மை. பத்து வருடமாக இருந்தது. கருவி அங்கேயே இருக்கட்டும் என்றார்.

எதிர்வீட்டு மாடியில் தங்கபுஷ்பம் அக்கா இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கணவருக்குத் தேரடியில் அரிசிக் கடை. எங்களிடம்தான் பால். ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, நான் குழாய் மாற்றிக்கொண்டிருக்கும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"வரதண்ணே, சன்னலத் தொறந்தா கண்ணு எரியுது. நீங்களா இப்பிடி வச்சிருக்கீய?"

நைனா மூலையில் கிடந்த சாணத்தைப் பார்த்தார். "வயசாவுதுல்லம்மா" என்றார்.

"முடியலன்னா மாட்ட வித்துட்டு நிம்மதியா இருக்கலாம்லா. நாளையிலேருந்து பால் வேண்டாம்ணே. தப்பா நெனச்சிராதீய."

நைனா தலையை ஆட்டினார். பஸ்ஸில் கரியோடு நின்று வந்த நாட்களில் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. அது இப்படித்தான் இருந்திருக்கும். அக்கா படியேறிப் போனதும், போதும், கழுவிவிடலாம் என்று ரப்பர் குழாயை எடுத்தேன். என் கையிலிருந்து வாங்கி மறுபடி தகரத்தின்மேல் போட்டார். வுடும்மா, அவங்க ஜன்னலை அவங்க சாத்திக்குவாங்க, நீ உன் வேலையைப் பாரு என்றார். அந்த மாதம் இன்னும் இரண்டு வீட்டில் பாலை நிறுத்தினார்கள். மீந்ததை டீக்கடைக்கு ஊற்றினார். கொட்டகையில் இருமலும் வர ஆரம்பித்தது, அவருக்கும் ரோசிக்கும்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு வலி வந்தது. தங்கபுஷ்பம் அக்காவின் கணவர்தான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். ராயபுரம் தாண்டும்போது முடிந்துவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது முகத்தை மூடியிருந்தார்கள். கொட்டகைக் காற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று மருத்துவரிடம் கேட்டேன். இல்லை, ரத்தக்குழாய் அடைப்பு என்றார். சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டேன். மறுபடியும் இல்லை என்றார்.

சாவுக்கு வந்தவர்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கட்சீல மனுசனுக்கு முடியாம பூட்ச்சு, பாவம், கலீஜா வெச்சிருந்தாரு என்று பந்தலில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். நான் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தெருவில் நைனா சம்பாதித்தது சுத்தக்காரர் என்ற அந்த ஒரு பெயர்தான். அதைக் கொடுத்துத்தான் என்னை வரவழைத்தார். இப்போது அந்தப் பெயரும் இல்லை, வரவழைக்க அவரும் இல்லை.

நைனாவை எடுத்த மறுநாள் காலையில் கொட்டகையைக் கழுவினேன். மூலையில் படிந்திருந்தது சுரண்டினால்தான் வந்தது. தென்னந்துடைப்பம் தேய்ந்து கட்டையாயிற்று. கண்ணும் தொண்டையும் எரிந்தன. காற்றில் அமோனியா எவ்வளவு இருந்தால் கண் எரியும் என்று எனக்குப் பாடத்தில் வந்திருக்கிறது. மாடுகளை நைனாவின் சிற்றப்பா மகன் எத்திராஜ் மணலிக்கு ஓட்டிப்போனார். டீச்சர் தெருமுனை வரை திரும்பிப் பார்க்காமல் போயிற்று.

லீவு முடிந்து போனதும் டென்னிஸ் சாரிடம், ஆவணியிலிருந்து எடுத்த எங்கள் கொட்டகை எண்களை நீக்க வேண்டும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. கருவி சரியாகத்தான் ஓடியிருக்கிறது, அளந்ததில் பொய் இல்லையே என்றார்.

"அளந்தது சரி சார். கொட்டகைதான் பொய்."

நடந்ததைச் சொன்னேன். ஆடி வரை எடுத்ததுதான் என் அப்பாவின் கொட்டகை, வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரே பருவத்து எண்ணை வைத்து வருடக் கணக்கு போட முடியாது, அப்படியானால் இந்தக் கொட்டகையே அறிக்கையில் வராது என்றார். தெரியும் என்றேன். அழுக்காக இருந்ததாக வருவதைவிட வராமல் இருப்பது நல்லது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் திரையில் எங்கள் கொட்டகை எண்களைத் திறந்தார். பிறகு அந்த வரிசையை நீக்கினார். வடசென்னை மாடுகளின் எண் மற்ற கொட்டகைகளிலிருந்து வந்தது. பெரிய வித்தியாசம் இல்லை.

கருவிகளை எடுத்துவர ஒரு புதன்கிழமை போனேன். கொட்டகை காய்ந்து வெளுத்துக் கிடந்தது. மார்கழியிலிருந்து பைக் நிறுத்த வாடகைக்குக் கேட்டிருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். தங்கபுஷ்பம் அக்கா இறங்கி வந்தார். நன்றாகக் கழுவியிருக்கிறாய், அவரும் முன்னே இப்படித்தான் வைத்திருப்பார், கடைசியில்தான் என்று இழுத்தார்.

அவரிடமும் சொன்னேன். கருவி ஏன் வந்தது, ஏன் எடுத்துப்போக இருந்தார்கள், நைனா எதற்காகக் கழுவாமல் விட்டார். சொல்ல அதிக நேரம் பிடிக்கவில்லை.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. நான் பால நிப்பாட்டிட்டேனே."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"சன்னலச் சாத்திட்டு இருந்திருப்பேன்."

பால் நிறுத்திய மற்ற இரண்டு வீட்டுக்கும் தானே போய்ச் சொல்வதாகச் சொன்னார். பிறகு நான் பம்பைத் துடைத்துப் பையில் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி புதன்கிழமை வரமாட்டாயா என்று கேட்டார். இங்கே வேலை முடிந்துவிட்டது அக்கா என்றேன்.

"வேல இருந்தாத்தான் வரணுமா?"

நைனா அதை என்னிடம் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு மெட்ரோவுக்கு நடந்தேன்.