மூன்றாவது மெடல்

அம்மா ஆயாவாக வேலை பார்த்த மிஷன் ஆஸ்பத்திரியில் பழைய பொருட்களை வைத்து ஒரு சின்னக் கண்காட்சி நடத்தப்போவதாக எங்கள் சபையில் அறிவித்தார்கள். அந்த ஆஸ்பத்திரி ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாடியபோது டாக்டரம்மாவில் தொடங்கி ஆயா வரைக்கும் எல்லோருக்கும் ஒரு வெள்ளி மெடல் கொடுத்திருந்தார்கள். வெளிநாட்டில் அடித்து வரவழைத்தது. யாரிடமாவது அது இருந்தால் கொண்டுவந்து காட்டலாம், படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றார்கள்.

அம்மாவின் மெடல் என்னிடம் இருந்தது. என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அம்மா என்னைச் சமையல்கட்டுக்குள் கூப்பிட்டு, புடவைத் தலைப்பிலிருந்து எடுத்து என் கையில் வைத்து மூடினாள். "அக்காவுக்குத் தெரிய வேணாம். அது மனசு கஷ்டப்படும்" என்றாள். அம்மா இறந்த பிறகும் நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கவரைப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். ஆஸ்பத்திரியின் பழைய ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வந்திருந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். முன்வரிசையில், மடியில் கைப்பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மணவாள நகரிலிருந்து வந்திருந்த என் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"நீ இன்னாடி இங்க?" என்றாள்.

"நீ இன்னா இங்க?"

அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். பிறகு ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். "அம்மா மெடல். என் கல்யாணத்துல எனக்குக் குடுத்துச்சி. உனக்குச் சொல்ல வேணாம்னு சொல்லிச்சி. நீ ஒண்ணும் நெனச்சிக்காத."

நான் என் மூக்குக்கண்ணாடி டப்பாவைத் திறந்து உள்ளே இருந்த மெடலைக் காட்டினேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

"அப்ப அம்மாவுக்கு மட்டும் ரெண்டு குடுத்தாங்களா?" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மெடல்களைப் பார்த்துக் குறிப்பதற்குச் சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நாணயமும் மெடலும் சேகரிக்கிறவர். நாங்கள் இரண்டையும் மேசையில் வைத்ததும் பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு பக்கம் வேப்பமரமும் ஆஸ்பத்திரி முகப்பும். மறுபக்கம் விளக்கைப் பிடித்த ஒரு கை. பார்த்து முடித்தவர், எங்களுக்கு முன்னால் வந்திருந்த ஒரு வயதான நர்சம்மாவிடம் கேட்டு அவருடைய மெடலை வாங்கி நடுவில் வைத்தார்.

"இதோட ஓரத்தப் பாருங்கம்மா" என்றார். நர்சம்மாவின் மெடலில் ஓரத்தைச் சுற்றி அவர் பெயர் வெட்டியிருந்தது. பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், வெள்ளியின் தரத்துக்காகப் போடும் ஒரு சிங்க முத்திரை. "எல்லாருக்கும் பேர் வெட்டித்தான் குடுத்திருக்காங்க. உங்க ரெண்டுலயும் பேர் இல்ல. முத்திரை இல்ல. எழுத்தும் கொஞ்சம் மழுங்கியிருக்கு. தப்பா நினைக்காதீங்க, ரெண்டுமே அசல் இல்லன்னு தோணுது."

அக்கா என் கையைப் பிடித்தாள்.

நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றி எடுத்த பாகங்கள்தான் என் கைக்கு வரும். அவர் சொன்ன பிறகு என் மெடலை எடுத்து ஓரத்தை நகத்தால் தடவினேன். அரம் போட்டு ராவிய தடம் நகத்தில் பட்டது. அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒரு கோடு விழும். அதை ராவித்தான் எடுப்பார்கள். ஓரத்தில் பெயரோ முத்திரையோ பதிந்திருந்தாலும் அதோடு போய்விடும். இத்தனை வருடம் அதே வேலையைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து இதையும் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் பரிசோதிக்கிற கண்ணால் பார்த்ததில்லை.

நர்சம்மாவின் மெடலை என்னுடையதன் மேல் வைத்தேன். அவருடையது சுற்றிலும் தலைமுடி அளவு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அக்காவுடையதும் என்னுடையதும் ஒரே அளவு.

"சூடு ஆறினா வெள்ளி சுருங்கும் சார். அசலை வச்சி அச்சு எடுத்து ஊத்தினா, வர்றது அசலை விடச் சின்னதாத்தான் வரும்" என்றேன்.

"அதேதான்" என்றார் அவர். பிறகு இரண்டையும் வெளிச்சத்தில் சாய்த்து, "இன்னொண்ணு இருக்கு. ரெண்டுலயும் வேப்பமரத்துக்குப் பக்கத்துல ஒரே இடத்துல ஒரு புள்ளி. கூரா எதையோ வச்சிக் குத்தின மாதிரி. இந்தம்மாவோடதுல அது இல்ல. உங்க அசல்ல அந்தக் குத்து இருந்திருக்கு. அச்சுல அதுவும் சேர்ந்து பதிஞ்சிடுச்சு" என்றார்.

எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. "தம்பி" என்றாள் அக்கா.

எங்கள் தம்பிக்கு அப்போது ஆறேழு வயதிருக்கும். ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவர்கள் கழுத்தில் மெடல் தொங்குவதை எங்கோ பார்த்துவிட்டு வந்து, அம்மாவின் பெட்டியிலிருந்து இதை எடுத்து, ஆணியும் சுத்தியலும் வைத்து ஓட்டை போடப் பார்த்தான். ஒரே அடி. சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்து பிடுங்கிவிட்டாள். அவன் அழுத அழுகையில் அடிக்கக்கூட அவளுக்கு மனம் வரவில்லை. அன்றைக்கெல்லாம் தன் தங்க நிறச் சரிகை நாடாவில் அதைக் கட்டி, அவன் கழுத்தில் போட்டு, தெருவில் ஓடவிட்டாள்.

"அப்ப அந்த அசல் எங்க இருக்கு?" என்று சேகரிப்பாளர் கேட்டார்.

அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். பின்னாலேயே போனேன். மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள்.

"அவன் கிளம்பினன்னிக்கு நீ டூட்டிக்குப் போய்ட்டே. நான்தான் அம்மா கூட ஸ்டேஷனுக்குப் போனேன்" என்றாள். "வண்டி வர்றதுக்கு முன்னாடி அம்மா அவன் சட்டைப் பாக்கெட்ல கைக்குட்டையில இன்னாவோ சுத்தி வச்சி, மேல ஊக்கு குத்திச்சி. நான் துட்டுன்னு நெனச்சேன். அவன் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினே நின்னான்."

எங்கள் இரண்டு பேர் கல்யாணமும் முடிந்த பிறகு தம்பி ஒரு காண்டிராக்டரோடு குழாய் பதிக்கும் வேலைக்கு குஜராத் போனான். முதலில் வாராவாரம் போன் செய்தான். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு அந்தக் காண்டிராக்டரிடம் அவன் இல்லை என்றார்கள். போலீசில் எழுதிக் கொடுத்தோம். அக்கா வீட்டுக்காரர் அங்கேயே போய்த் தேடிவிட்டு வந்தார். அம்மா போன பிறகும் அவளுடைய போன் நம்பரை நான் ரீசார்ஜ் செய்து வைத்திருக்கிறேன். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அந்த ஒரு நம்பர்தான்.

அன்றைக்கு மரத்தடியில் அக்கா அதற்காக அழவில்லை. கோபத்தில்தான் அழுதாள். "பொண்ணுங்களுக்கு டூப்ளிகேட்டு. புள்ளைக்கு மட்டும் அசல். ஒளிச்சி ஒளிச்சிக் குடுத்துச்சே, இதுக்குத்தானா?"

எனக்கும் அந்த வலி இருந்தது. "வெள்ளியாவது வெள்ளியான்னு பாத்துட்டு வருவோம் வா" என்று மட்டும் சொன்னேன்.

திருவள்ளூர் கடைத்தெருவில் அக்காவுக்குத் தெரிந்த ஒரு நகைக்கடையில் உரசாமலே சோதிக்கிற மெஷின் இருந்தது. கடைக்காரர் இரண்டையும் தனித்தனியாக உள்ளே வைத்து மூடி, திரையில் வந்ததைப் பார்த்தார்.

"வெள்ளிதாம்மா. ஆனா செம்பு நெறைய கலந்திருக்கு. மெடலுக்கு யாரும் இந்த வெள்ளி போட மாட்டாங்க. அந்தக் காலத்துக் கால் கொலுசுல வர்ற வெள்ளி மாதிரி இருக்கு. ரெண்டும் ஒரே சரக்குதான், பிசகே இல்ல."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு அதில் ஒன்றும் புரியாது என்றாலும்.

அம்மா கனமான கொலுசு போட்டிருந்தாள். வார்டில் ராத்திரி டூட்டி பார்க்கும்போது சத்தம் வரக்கூடாதென்று முத்துகளைக் கழற்றிவிட்ட கொலுசு. அக்கா கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் அம்மா ஊத்துக்கோட்டை பஜாருக்குத் தனியாகப் போய்விட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் காலில் அது இல்லை. கல்யாணச் செலவுக்கு விற்றுவிட்டாள் என்று நினைத்து, நாங்கள் யாருமே அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் கணுக்காலில் கொலுசு இருந்த இடம் வெள்ளையாகவே ரொம்ப நாள் இருந்தது.

கடையை விட்டு இறங்கியதும் அக்கா கேட்டாள்: "மெடல் ஆஸ்பத்திரில குடுத்தது. கொலுசு யாரு குடுத்தது?"

"அம்மாவோட அம்மா."

ஒரு ஓட்டலுக்குள் போய் உட்கார்ந்தோம். இரண்டு மெடலையும் மேசைமேல் வைத்து, எது யாருடையது என்று பார்க்காமலே ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டோம். அதைக் கவனித்துவிட்டு மறுபடியும் கொஞ்சம் சிரித்தோம்.

திரும்பிப் போய், அசல் தம்பியோடு போய்விட்ட விஷயத்தைச் சேகரிப்பாளரிடம் சொன்னோம். அவர் எங்கள் மெடல்களில் ஒன்றையும் படம் எடுத்து, அது நகல் என்று வெளிப்படையாக எழுதிக் கண்காட்சியில் வைத்தார். சேகரிப்பவர்களும் விற்கிறவர்களும் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவில், அந்த ஆஸ்பத்திரி மெடல் எங்கே விற்பனைக்கு வந்தாலும் தனக்குச் சொல்லும்படியும் எழுதிப்போட்டார். "அசல்ல உங்கம்மா பேர் இருக்கும். அந்தக் குத்தும் இருக்கும். வந்தா மறைக்க முடியாது" என்றார்.

அதற்குப் பிறகுதான் என் பேஜாரு ஆரம்பித்தது. போனில் அவர் பெயரைப் பார்த்தாலே கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிடுவேன். முதலில் வந்த படம் வேலூர்ப் பக்கம் விற்பனைக்கு வந்த மெடல். வேப்பமரத்துக்குப் பக்கத்தில் குத்து இல்லை. அடுத்து வந்ததிலும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அது தம்பியுடையதாக இருக்க வேண்டும் என்று விரலால் படத்தைப் பெரிதாக்குவேன். இருந்துவிடக் கூடாதே என்றும் மனது அடித்துக்கொள்ளும். அவன் பாக்கெட்டிலிருந்து அது எப்படி வெளியே வந்திருக்கும் என்று யோசித்தால் நல்லதாக ஒன்றும் தோன்றாது.

போன மாதம் சூரத்திலிருந்து ஒரு படம் வந்தது. ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தேன். மங்கலான படம். மரத்துக்குப் பக்கத்தில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. குஜராத். பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஓரத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிச் சேகரிப்பாளர் விற்கிறவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு ரயில் வந்து போனது. நான் ஏறவில்லை.

ஓரத்தின் படம் வந்தது. ஒரு ஆண் பெயர் வெட்டியிருந்தது. கறுப்பாகத் தெரிந்தது வெறும் அழுக்கு. அம்மாவோடு வேலை பார்த்த யாரோ ஒருவருடைய மெடல் அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அவன் விக்கல" என்றாள்.

"ஆமா. விக்கல."

"விக்கலன்னா இருக்கான்னுதானே அர்த்தம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவே பேச்சை மாற்றினாள்.

"அவனுக்கு இப்ப முடியெல்லாம் கொட்டியிருக்கும்டி. அப்பாவுக்கு அந்த வயசுல ஒண்ணுமே இல்ல தலையில."

"தொப்பையும் போட்டிருக்கும்."

"இந்தியில பேசுவானா?"

"பேசித்தானே ஆவணும், இத்தினி வருசமா அங்க கீறான்."

அடுத்த ரயில் வரும் வரைக்கும் அவன் எப்படி இருப்பான் என்று பேசிக்கொண்டிருந்தோம். ரயில் வந்த பிறகும் அக்கா போனை வைக்கவில்லை. கூட்டத்தில் ஏறி, கதவோரம் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கவரைப்பேட்டை வரும் வரைக்கும் நான் கேட்டுக்கொண்டே போனேன். தம்பிக்கு எத்தனை பிள்ளைகள் இருக்கும், அவர்களுக்கு அவன் தமிழ் சொல்லிக் கொடுத்திருப்பானா என்று அவள் பேசிக்கொண்டே வந்தாள்.