மரத்தடியில் ஆள் இல்லை

காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு காக்கை. சாத்தூர் சாலையோரத்து டீக்கடைக் கூரையிலிருந்து எழும்பி, கருவேலங்காட்டுக்கு மேலே அசையாமல் நின்ற ஒரு கறுப்புப் பொருளை ஒருமுறை சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. அந்தப் பொருளுக்கு நான்கு விசிறிகள், வயிற்றில் ஒரு கேமரா. பட்டாசு ஆலைகளை வானத்திலிருந்து கண்காணிக்கும் ட்ரோனின் முதல் ஓட்டம் அது. பத்திரிகைக்காரர்கள் ஐந்து பேர் போயிருந்தோம்.

பட்டாசு ஆலையில் வெடிமருந்து கையாளும் அறை ஒன்றில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. மரத்தடியில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்யவே கூடாது. சீசன் வந்து ஆர்டர் குவிந்தால் அறைகள் போதாது. அப்போது பாயை விரித்து வேம்பின் அடியில் உட்கார வைப்பார்கள். அதைப் பிடிக்கத்தான் இந்த ட்ரோன். இயக்கியவர் தன் கையிலிருந்த திரையைக் காட்டினார். வெட்டவெளியில் ஒரு மனிதத் தலை தெரிந்தால் அதைச் சுற்றி மஞ்சள் கட்டம் விழுகிறது. எத்தனை கட்டம் என்று கணக்கும் மூலையில் ஓடுகிறது. டீக்கடை முன்னால் எங்களையே படம் பிடித்தது. இயக்கியவரோடு சேர்த்து ஆறு கட்டம். சரியாக இருந்தது.

அந்த நாட்களில் நான் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு வாரம் அரைப்பக்கம் அறிவியல் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். மதுரையில் ஒரு நாளிதழ் மேசையில் பல வருடம் செய்தி வெட்டித் தலைப்பு வைத்த பிறகு கிடைத்த வேலை. எங்கோ நடந்த ஆராய்ச்சி, புதிதாக வந்த செயலி, நிலவுக்குக் கிளம்பிய கலம் என்று நாலைந்து செய்திகளைச் சுருக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு வரி கருத்துச் சொல்ல வேண்டும். அறிவியல் செய்தி எழுதுவது சுலபம். அதில் வருகிறவர்கள் யாரும் நம் ஊர்க்காரர்கள் இல்லை. தப்பாக எழுதினாலும் வீட்டு வாசலில் வந்து நிற்க மாட்டார்கள்.

அந்த வாரம் மூளைக்குள் சில்லு பொருத்திக்கொண்டவரைப் பற்றி எழுதினேன். எக்ஸ்ரே படம் பார்த்து நோய் சொல்லும் செயலியைப் பற்றி எழுதினேன். கடைசியாக ட்ரோன். “இந்த ஆய்வாளர் டீ குடிக்க மாட்டார், கவர் வாங்க மாட்டார், கண்ணை மூடிக்கொள்ள மாட்டார்” என்று முடித்திருந்தேன். பத்திரிகை அலுவலகத்தில் அந்த வரியைப் பாராட்டினார்கள். எனக்கும் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதினி வீட்டுக்குப் போனேன். அண்ணன் இறந்த பிறகு, சாத்தூர்ப் பக்கத்து ஆலை ஒன்றில் வேலை பார்த்து வீட்டை நடத்துகிறவர். எட்டாவது வரை படித்தவர். என் அரைப்பக்கத்தை ஒரு வரி விடாமல் படிக்கிற ஆள், எனக்குத் தெரிந்து, அவர் ஒருவர்தான். படித்துவிட்டுக் கிண்டல் செய்வார். நிலவில் தண்ணீர் இருக்கிறதாம் என்று நான் எழுதிய வாரம், அந்தக் குழாயை நம்ம தெருவுக்கு எப்போது இழுப்பார்கள் என்று கேட்டிருந்தார்.

அன்றைக்கு மூளைச் சில்லிலிருந்து தொடங்கினார். “நினைச்சாலே கம்ப்யூட்டர் ஓடுமாம்ல. எங்க போர்மேனுக்கு ஒண்ணு வைக்கச் சொல்லுங்க தம்பி. வாயைத் தொறக்காமலாவது இருப்பாரு.”

அப்புறம் ட்ரோன் செய்தியின் மேல் விரலை வைத்தார்.

“டீ குடிக்காதுன்னு எழுதியிருக்கீக. வாஸ்தவந்தான். ஆனா அது வர்றதுக்கு முன்னாடியே எங்களுக்குப் போன் வந்துருதே.”

நடப்பதை அவர் சாவகாசமாகச் சொன்னார். முதல் ஆலைக்கு மேலே ட்ரோன் தெரிந்ததும், அங்கிருந்து அடுத்த ஆலைக்கு, அங்கிருந்து அதற்கடுத்த ஆலைக்கு என்று போன் போகிறது. “பருந்து வருது” என்று ஒரு வார்த்தை போதும். போர்மேன் விசில் ஊதுவார். மரத்தடியில் இருக்கிறவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குள் போய்விட வேண்டும். நான்கு பேர் அறையில் பதினோரு பேர். பருந்து போனதும் திரும்ப மரத்தடி.

வெயிலில் காயும் வெடிச் சரக்கை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“அதையுந்தான் தூக்கிட்டுப் போறோம். வெளிய கிடந்தா படத்துல விழுந்துருமே.”

வெயிலில் காயவைத்த சரக்கை நிழலில் வைத்துச் சூடு ஆறிய பிறகுதான் உள்ளே எடுக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் தீப்பெட்டி ஒட்டுகிற பிள்ளைக்குக்கூட அது தெரியும். மதினிக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். சூடாக இருக்காதா என்று கேட்டேன்.

“கை பொறுக்குற சூடுதான்.”

இதை எழுதப்போகிறேன் என்றேன். மதினி பத்திரிகையை மடித்து வைத்தார்.

“எழுதிப்புடாதீக. நீங்க எழுதுனா நாளைக்கே சீல் வச்சுருவாக. தீபாவளி வரைக்கும் அம்புட்டுப் பேரும் வீட்ல உக்காரணும். நீங்களா வந்து சோறு போடுவீக?”

உயிர் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அஞ்சு நிமிடம் அடைந்து கிடப்பதில் உயிர் போகாது என்றார். ஆலையின் பெயர் இல்லாமல் எழுதுகிறேன் என்று சொன்னதற்குச் சிரித்தார். என் மதினி எந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்று தெரியாதவர் இந்த வட்டாரத்தில் யார் இருக்கிறார்கள்?

எழுதவில்லை. மதினியின் சோற்றில் மண்ணைப் போடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். எழுதியிருந்தால், போன வாரம் பாராட்டு வாங்கிய வரியை நானே தப்பு என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். அடுத்த வார அரைப்பக்கத்தில், ஏதோ வெளிநாட்டு நகரத்தில் பட்டாசுக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான ட்ரோன்களைப் பறக்கவிட்டு வானத்தில் மயில் வரைந்ததைப் பற்றி எழுதினேன். புகை இல்லை, சத்தம் இல்லை என்று கருத்தும் சொன்னேன். எங்களுக்கு வேலையும் இல்லை என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம் என்றார் மதினி.

மதினி சொல்லி மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, பகல் பதினொன்று நாற்பதுக்கு அந்த அறை வெடித்தது.

போன் வந்திருக்கிறது. விசில் ஊதியிருக்கிறார்கள். சரக்கு காய்ந்துகொண்டிருந்த தட்டுகளை அப்படியே தூக்கி உள்ளே கொண்டுபோய், இடம் இல்லாததால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். உள்ளே இருந்தவர்கள் எல்லோருக்கும் உடம்பெல்லாம் தீக்காயம்; இரண்டு பெண்கள் அங்கேயே இறந்துபோனார்கள். அவர்களில் ஒருவர், மறுநாள் இருக்கன்குடி கோயிலுக்குப் போவதற்காக லீவு சொல்லியிருந்தவர். மதினி கடைசியாகப் போனவர். உள்ளே கால் வைக்க இடமில்லாமல் கூரைச் சரிவுக்கு அடியில் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அதனால் உடம்பு தப்பியது. பருந்து போனதும் தட்டை வெளியே வாங்குவதற்காக வலது கையை மட்டும் உள்ளே நீட்டியிருந்தார்.

அடுத்த நாள் நான் ட்ரோன் இயக்குகிறவரைத் தேடிப் போனேன். விருதுநகரில் ஒரு லாட்ஜில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். மறைக்கிற ஆள் இல்லை. கேட்டதும் படத்தைப் போட்டுக் காட்டினார். பதினொன்று முப்பத்தாறு. ஆலையின் முழு வளாகமும் திரையில் இருந்தது. அறைகளின் கூரைகள், வெள்ளைச் சுண்ணாம்புக் கோடுகள், இரண்டு வேம்புகள், அவற்றின் நிழல். மஞ்சள் கட்டம் ஒன்றுகூட இல்லை. மூலையில் பூஜ்யம் என்று போட்டு, பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக்.

படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். பெரிய வேம்பின் மறுபக்கத்தில் செருப்புகள் கிடந்தன. மருந்துப் பக்கம் செருப்போடு போகக் கூடாது என்பதால் கழற்றிப் போட்டவை. எண்ணினேன். இருபத்திரண்டு செருப்பு. பதினோரு ஜோடி.

அவரும் எண்ணிப் பார்த்தார். “செருப்பை எண்ணுறதுக்கு இதுக்குச் சொல்லிக்கொடுக்கலை சார்” என்றார். பிறகு, சொல்லிக்கொடுக்க முடியும், அது ஒரு வார வேலைதான் என்றார். சொல்லிக்கொடுத்தால் ஆட்கள் செருப்பையும் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள் என்றேன். அவர் திரையை அணைத்தார். போன் போவதை முன்பே நான் வந்து சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அன்று மாலை முழுவதையும் எழுதினேன். போன், விசில், தட்டு, செருப்பு எல்லாம். அரைப்பக்கத்துக்கு அல்ல, செய்திப் பக்கத்துக்கு. ஒரு வார்த்தை வெட்டாமல் போட்டார்கள். பல வருடங்களுக்குப் பிறகு என் செய்தி முதல் பக்கத்தில் வந்தது. வெளியூர்களிலிருந்து பாராட்டிப் போன் செய்தார்கள். அந்தச் செய்தி மூன்று வாரத்துக்கு முந்தைய செய்தி என்று யாருக்கும் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

செய்தி வந்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தீக்காய வார்டில் மதினி கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தார். வலது கை முழங்கை வரை கட்டுக்குள் இருந்தது. எந்தெந்த விரலை எடுத்தார்கள் என்று நர்ஸ் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். அதைப் பற்றி மதினி கேட்பார் என்று, சொல்ல வேண்டிய வார்த்தைகளை வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன்.

“சீல் வச்சுட்டாகளா தம்பி?”

“வச்சுட்டாக மதினி.”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களை அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.

அரைப்பக்கத்தை நான் நிறுத்தவில்லை. அடுத்த வாரமும் எழுதினேன். ஆய்வகத்தில் மனிதத் தோலை வளர்க்கிறார்கள் என்ற செய்தி வந்திருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு அடியில் இரண்டு வரி கருத்து எழுத ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கடைசியில் செய்தியை மட்டும் போட்டு அனுப்பினேன். கருத்து ஏன் இல்லை என்று பத்திரிகையிலிருந்து கேட்டார்கள். இடம் போதவில்லை என்றேன்.

மதினி வீட்டுக்கு வந்த பிறகு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். கதவு திறந்துதான் இருக்கும். வாங்க என்பார். சாப்பிட்டீகளா என்பார். பத்திரிகை மடித்த மடிப்புக் கலையாமல் டிவி மேல் கிடக்கும்.

ஆலை இரண்டு மாதத்தில் திறந்தது. மதினியை லேபிள் ஒட்டும் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலை ஆறரை மணி வேனில் வேலைக்குப் போனார்.