மூன்று வரிகளில் ஒட்டிய சிவப்பு அம்பு

இரண்டு வருடம் முன்பு, என் மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது ஆம்பூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

நான் ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். தையல் விலகியிருந்தாலும், தோலில் சின்னக் கீறல் இருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். என் கண்ணுக்குத் தப்பிய ஜோடி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் மகளை நர்சிங்கில் சேர்க்கச் சொன்னார்கள். அவளோ கெமிஸ்ட்ரியும் வரலாறும் சேர்த்துப் படிப்பேன் என்று நின்றாள். வெளியூரில் அப்படி ஒரு கல்லூரி இருக்கிறதாம். முதல் வருடம் பிடித்த பாடங்களைப் படித்துப் பார்த்துவிட்டு, எது மெயின் என்று அப்புறம் முடிவு செய்யலாமாம். உதவித்தொகையோடு இடம் கிடைத்தால்தான் எங்களால் முடியும். அவள் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. போட்டுப் பார் என்றேன்.

விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்ப வேண்டும். முதலில் தமிழில் எழுதி என்னிடம் கொடுத்தாள். விடுவேனா? கம்பெனிக் கோட்டுப் பாக்கெட்டில் கிடந்த ஸ்டிக்கரை எடுத்து மூன்று வரிகளில் ஒட்டினேன். பிளஸ் ஒன் காலாண்டில் கெமிஸ்ட்ரியில் ஃபெயில் ஆனது ஒன்று. எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரைப் பள்ளி லேபில் சோதித்து, உப்பு இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாமல், எப்போதிலிருந்து கரிக்கிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டது இன்னொன்று. என்னவாகப் போகிறேன் என்று எனக்கு இன்னும் தெரியாது என்பது மூன்றாவது.

"இன்னாடி இது? தெரியாதுன்னு எழுதினா எவன் சீட் குடுப்பான்?" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனாலும் அந்த மூன்று வரிகளையும் எடுத்துவிட்டு, இங்கிலீஷில் சுத்தமாக எழுதி அனுப்பினாள்.

நேர்காணல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போனில் வீடியோ கால். அடுப்பை அணைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். கேள்வி கேட்ட மேடம் தமிழ்க்காரர். "கட்டுரை நல்லா இருக்கு. ஆனா நீ ஏன் இங்க வரணும்னு இதுல எங்கயும் இல்லையேம்மா" என்றார்.

மகள் சட்டென்று எழுந்து, புத்தகத்துக்குள் வைத்திருந்த அந்தப் பழைய தாளை எடுத்து வந்து கேமரா முன்னால் பிடித்தாள். மூன்று அம்பும் அப்படியே இருந்தன. அந்த வரிகளை மேடம் படிக்கச் சொன்னார். அப்புறம் கேள்வி மேல் கேள்வி. கிணற்றைப் பற்றி மட்டும் கால் மணி நேரம். தண்ணீர் ஏன் கரிக்கிறது என்பதற்கான பதிலில் பாதி லேபிலும் பாதி தெரு ஜனங்களிடமும் இருக்கிறது, அதனால்தான் இரண்டையும் படிக்க வேண்டும் என்று அவள் சொன்னபோது, பெற்ற எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது.

கடைசியில், அம்பு ஒட்டியது யார் என்று கேட்டார்.

"எங்கம்மா. கம்பெனில செக்கிங்ல இருக்காங்க. தப்பு இருக்கற எடத்துல ஒட்டுவாங்க."

மேடம் சிரித்துவிட்டார். "சரியான எடமாப் பாத்துத்தான் ஒட்டியிருக்காங்க" என்றார். நான் மெல்லக் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

இடம் கிடைத்தது, உதவித்தொகையும் கிடைத்தது. போன லீவுக்கு வந்தவளிடம் என்னவாகப் போகிறாய் என்று கேட்டேன். "இன்னும் தெர்ல ம்மா" என்றாள், கொஞ்சமும் கவலையில்லாமல்.

ஷூவில் குறை கண்டுபிடிப்பதில் இன்றைக்கும் என்னை மிஞ்ச எங்கள் லைனில் ஆள் கிடையாது. ஆனால் என் மகள் தெரியாது என்று சொல்லும்போது மட்டும், அது குறையில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கற்றுக்கொண்டேன்.