தெல்தோட்டையிலிருந்து கலகெதரைக்குச் சீர் கொண்டு போனது

தெல்தோட்டைக் கடைவீதியிலிருந்து கண்டிக்கு முதல் பஸ் காலை ஐந்தரைக்கு. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து கடைவீதி இரண்டு மைல் இறக்கம். நாலரைக்கே புறப்பட்டுவிட்டேன். தலையில் ஒரு கூடை. அதில் பாவாடை தாவணி, கண்ணாடி வளையல், மஞ்சள், சந்தனம், தேங்காய், நல்லெண்ணெய், உளுந்து மாவு. கலகெதரையில் இருக்கும் என் பேத்தி மாலா பெரிய மனுசியாகிவிட்டாள், இன்று தண்ணி ஊற்றுகிறோம் என்று மருமகன் செல்வம் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்.

இது தாய்மாமன் கொண்டு போக வேண்டிய சீர். தாய்மாமன் என்றால் என் மகன் முருகேசு. அவன் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய்க் கோத்தகிரிப் பக்கம் இருக்கிறான். மாலாவைப் பெற்ற என் மகள் லெட்சுமி, பிள்ளைக்கு நாலு வயதாகும்போது காய்ச்சலில் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் அதற்கும் முன்னாலேயே. ஆகவே நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

லயத்தில் அடுத்த அறையில், அடுத்த காம்பிராவில் இருக்கும் பாக்கியம் பல் விளக்கிக்கொண்டே பார்த்தாள்.

"தாய்மாமன் கெளம்பியாச்சு! மீசை எங்க பெரியம்மா?"

"வழியில வாங்கிக்கிறேன்" என்றேன்.

"மீசை கெடக்கட்டும். அங்க போயி வாயத் தொறந்து பேசுங்க. போன திதிக்கு வந்தப்ப அந்தப் பொம்பள காதுல தொங்கட்டான ஆட்டிக்கிட்டு நின்னுச்சு, நீங்க அடுப்புப் பக்கமே திரும்பி உக்காந்திருந்தீங்க."

அந்தப் பொம்பளை என்றது குசுமாவை. லெட்சுமி போன மறுவருசம் செல்வம் கலகெதரையில் ஒரு மர ஆலையில் வேலைக்குப் போனார். அங்கே குசுமாவைக் கட்டிக்கொண்டார். சிங்களப் பெண். கட்டியதும் வந்து மாலாவைக் கூட்டிப் போனார்கள். ஒரு வருசம் என்னோடு படுத்திருந்த பிள்ளை. வருசத்துக்கு ஒரு தரம் லெட்சுமியின் திதிக்கு மூன்று பேரும் வந்து, சோறு சாப்பிட்டு, பின்னேரப் பஸ்ஸில் போவார்கள். நான் அவர்கள் வீட்டுக்குப் போவது இதுதான் முதல் தரம்.

கண்டிக்கு டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். தூரம் சுமார் இருபது மைல் என்றாலும் இரண்டு மணி நேரம் ஆகிறது, அவ்வளவு வளைவு. கொண்டக்டர் கூடையைப் பார்த்தார்.

"ஆச்சி, கூடைக்கும் ஒரு டிக்கெட் போடவா?"

"மடியில வச்சிக்கிறேன் தம்பி."

"அப்ப பிள்ளை கணக்கு, சும்மா வரலாம்."

பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். நான் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டேன். கலஹா வரைக்கும் இரண்டு பக்கமும் தேயிலைதான். அதற்கப்புறம் தேயிலை குறைந்து மரமும் வீடுமாக வருகிறது. பேராதனையில் மகாவலி ஆற்றோரம் போகும்போது வெயில் வந்துவிட்டது.

ஏழரைக்குக் கண்டி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் பால் ஊற்றாத பிளேன்டியும் ஒரு பணிசு ரொட்டியும் ஆறு ரூபாய். மார்க்கெட் வாசலில் இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கினேன். பூக்காரி எனக்கு என்று நினைத்து நீட்டினாள். என் வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் வாழை இலையில் சுற்றிக் கொடுத்தாள். குருநாகல் பஸ்ஸில் ஏறினால் கலகெதரையில் இறங்கலாம். பதினோரு மைல், எட்டு ரூபாய். எட்டரைக்கு எடுத்தார்கள்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மறுபடியும் அதே மகாவலி ஆறு. பாலம் தாண்டினால் சூடு கூடுகிறது. தேயிலை இல்லை. பாக்கு மரம், மிளகுக் கொடி, பலா, தென்னை. எங்கள் பக்கம் ஒரு கூரைக்குக் கீழே பத்துக் குடும்பம். இங்கே வீடுகள் ஒன்றுக்கொன்று எட்டி எட்டி நிற்கின்றன. ஒரு வீட்டில் அடுப்பு மூட்டினால் அடுத்த வீட்டுக்குப் புகை வாசம் போகாது என்று நினைக்கிறேன்.

பக்கத்தில் ஒரு முஸ்லிம் அம்மா இருந்தார். கலகெதரையில் துணிக்கடை வைத்திருக்கிறாராம். கூடையில் வளையலைப் பார்த்துவிட்டு அவரே பேச்சை ஆரம்பித்தார்.

"கலியாணமா?"

"பேத்தி பெரிய மனுசியாயிட்டா. தண்ணி ஊத்துறாங்க. மருமகன் நம்ம ஆளு. ரெண்டாவதா கட்டினது சிங்களம்."

"அப்ப அவங்கட முறைதான் நடக்கும். ரெதி நெந்தா வந்து குளிப்பாட்டுவா."

துணி வெளுக்கும் பெண்ணைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நெந்தா என்றால் அத்தை. எங்கள் பக்கம் வண்ணாத்தி வந்து தீட்டுத் துணி எடுக்கிற மாதிரித்தான் என்றேன்.

"துணி மட்டுமில்ல ராத்தா. புள்ள பெரிசாகின நேரம் மேல என்ன இருந்திச்சோ எல்லாம் நெந்தாவுக்குத்தான். உடுப்பு, நகை, எல்லாம். நல்ல காலம், எங்களுக்கு அந்த முறை இல்ல. எண்ட மகள் பெரிசாகின அண்டைக்குக் கழுத்துல கெடந்தது மதினிட இரவல் மாலை!"

அவர் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஊர் எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை.

மாலாவின் காதில் இருப்பது லெட்சுமியின் தோடு. சிவப்புக்கல் வைத்தது. லெட்சுமி பெரிய மனுசியானபோது அவள் அப்பா செய்து போட்டது. ஆஸ்பத்திரியில் அவள் காதிலிருந்து கழற்றி, பஞ்சில் சுற்றி என் கையில் தந்தார்கள். அவள் சேலையெல்லாம் கிழிந்து போயிற்று. படம் ஒன்றும் பிடித்து வைக்கவில்லை. மாலாவைக் கூட்டிப் போக வந்த அன்று பிள்ளையை மடியில் வைத்து, அந்தத் தோட்டைப் போட்டுத்தான் அனுப்பினேன். அதிலிருந்து அவள் அதைக் கழற்றியதில்லை. ஆகவே அந்த நேரத்திலும் காதில் அதுதான் இருந்திருக்கும்.

ஒன்பதே முக்காலுக்குக் கலகெதரை. கடைவீதியிலிருந்து அரை மைல் ஒற்றையடிப் பாதை. குசுமா வாசல் படலைக்கே வந்துவிட்டாள். தலை குளித்து, ஈர முடியை விரித்துப் போட்டிருந்தாள்.

"அம்மா வாங்க, வாங்க. இவ்வளவும் தூக்கி நடந்தா? அவர் பஸ்ஸுக்கு வந்திருப்பார்தானே!"

அவள் தமிழ் முன்னைவிட நன்றாக இருந்தது. கூடையை என் தலையிலிருந்து அவளே இறக்கினாள். மாலாவைப் பார்க்க முடியாது, அறைக்குள் இருக்கிறாள், குளிப்பாட்ட நல்ல நேரம் பதினொன்று பத்துக்குத்தான் என்றாள். தோட்டைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்தேன். தண்ணீர் வேண்டும் என்று கேட்டேன். செம்பில் கொண்டு வந்தாள். மறுபடியும் வாயைத் திறந்து, போதும் என்றேன். செல்வம் கதிரையைத் தூக்கிவந்து முன்னால் போட்டார்.

"ஒக்காருங்க அத்தை."

நான் சமையல்கட்டுப் பக்கம் போய்ப் பலகையில் உட்கார்ந்தேன். நல்ல காரியத்தில் தாலி இழந்தவள் முன்னால் நிற்பது எங்களில் இல்லை. யாரும் சொல்லி நான் போகவில்லை. எனக்கே தெரியும்.

வீட்டுக்குப் பின்னால் பால் வடிகிற பலா மரத்தடியில் குளிப்பாட்டினார்கள். ரெதி நெந்தா என்னைவிடச் சின்னவள், முடி நரைத்திருந்தது. புதுப் பானைத் தண்ணீரில் நான் கொண்டுபோன மல்லிகையும் மிதந்தது. கடைசித் தண்ணீரை ஊற்றியதும் பானையைப் போட்டு உடைத்தாள். அப்புறம் மாலாவைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு வெள்ளைத் துணியால் மூடினாள்.

எங்களில் அப்படி முழுதாக வெள்ளை போர்த்துவது ஒரே ஒரு தரம்தான். லெட்சுமியைக் கடைசியாக அப்படித்தான் பார்த்தேன். "ஐயோ, எடுங்க" என்று எழுந்தே விட்டேன். நல்ல வேளை, என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த வெள்ளைக்குக் கீழே பிள்ளை கால் வழுக்கியது, சிரித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் உட்கார்ந்தேன். அவர்களில் சுத்தம் என்றால் வெள்ளை, அவ்வளவுதான்.

வாசல்படியில் தேங்காய் உடைத்தார்கள். துணியை எடுத்தார்கள். மாலா நல்ல உயரம். லெட்சுமியின் நெற்றி. காதைப் பார்த்தேன். இரண்டு துளையிலும் ஈர்க்குக் குச்சி.

நெந்தா தன் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மாலாவின் பழைய சட்டை, பாவாடை, அவற்றுக்கு மேலே ஒரு காகிதப் பொட்டலம். பொட்டலம் ஓரத்தில் பிரிந்து தங்கம் மின்னியது. முடிச்சுப் போட்டாள். வெற்றிலை வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள், நானும் கும்பிட்டேன். படலை தாண்டிப் போனாள். எழுந்து நாலு எட்டு வைத்தால் பிடித்துவிடலாம். பிடித்து என்ன கேட்பது? அது அவர்கள் முறை. எட்டு வருசம் பிள்ளைக்குச் சோறு போட்டு, தலை வாரி, காய்ச்சலில் விழித்திருந்தவள் குசுமா. அவள் வீட்டில் அவள் முறை. இப்படியெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா, முன்னுக்கு வாங்க."

குசுமா சமையல்கட்டு வாசலில் நின்றாள். ஒரு கையில் மாலா, மறு கையில் மடித்த வெற்றிலை. வெற்றிலையைப் பிரித்து என் முன்னால் நீட்டினாள். உள்ளே தோடு. இரண்டு சிவப்புக்கல்லும் கழுவித் துடைத்து, சிரித்துக்கொண்டு இருந்தன.

"நீங்க போடுங்க. இது அவட அம்மாட."

"நான் போடக் கூடாதம்மா" என்று என் வெறும் நெற்றியைக் காட்டினேன். அவளுக்கு விளங்கவில்லை. செல்வம் வந்து சிங்களத்தில் சொன்னார். அவள் கேட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"அப்ப யார் போடுறது? அவட அம்மாவப் பெத்தது நீங்கதானே?"

நான் போட்டேன். திருகு சரியாக ஏறவில்லை.

"அம்மாயி, வலிக்குது! காதா, இல்ல போத்தல் மூடியா?" என்றாள் மாலா. சொன்னது பாதிச் சிங்களம், பாதித் தமிழ். செல்வம் சொல்லித்தான் முழுதும் விளங்கியது. "ஒங்கம்மாவும் இப்படித்தான் வாயடிப்பா" என்றேன். அவள் கண்ணாடியை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

பகல் சாப்பாடு சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, பாற்சோறு. நான் கொண்டுபோன உளுந்து மாவில் களி கிண்டிப் பிள்ளைக்குக் கொடுத்தேன். குசுமா பக்கத்தில் நின்று எவ்வளவு எண்ணெய், எவ்வளவு கருப்பட்டி என்று கேட்டுக்கொண்டாள். நெந்தா கொண்டுபோன பொட்டலத்தைப் பற்றி நான் மறந்தே போனேன்.

மூன்று மணிக்கு மூவரும் கடைவீதி வரைக்கும் வந்தார்கள். பஸ் வரத் தாமதமாயிற்று. நல்ல வெயில். குசுமா வியர்வை தாங்காமல் காய்ந்த முடியை அள்ளிக் கொண்டை போட்டாள். அப்போதுதான் பார்த்தேன். திதிக்கு வரும்போதெல்லாம் ஆடும் தொங்கட்டான் இல்லை. இரண்டு காதும் வெறுங்காது.

செல்வத்தைத் தள்ளிக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நெந்தாவுக்கு நகைன்னு ஏதாச்சும் குடுக்கணும் அத்தை, முறைய விட முடியாது. லெட்சுமி தோட்டக் குடுக்க மாட்டேன்னு குசுமா தன்னோடதக் கழட்டிட்டா. எங்கிட்டக் கூடக் கேக்கல. அவளப் பெத்த அம்மா அவளுக்குப் போட்டதுதான் அந்தத் தொங்கட்டான்."

பஸ் வந்துவிட்டது. குசுமா என் கூடையை உள்ளே தூக்கி வைத்தாள். அதற்குள் அவள் ஒரு சீப்பு வாழைப்பழமும் பாற்சோறும் வைத்திருந்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும். ஆனால் இதற்கெல்லாம் எங்களில் ஒரு சொல் சொல்லிப் பழக்கம் இல்லை. படியில் நின்று, அவள் கையைப் பிடித்தேன்.

"தீவாளிக்கு வந்துரு" என்றேன். "மொத நாளே வந்துரு. ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாம்."

தீபாவளிக்கு மகளைத்தான் அப்படிக் கூப்பிடுவோம். லெட்சுமிக்கு அப்புறம் நான் யாரையும் கூப்பிட்டதில்லை. குசுமாவுக்கு அது தெரியுமோ தெரியாதோ. செல்வத்துக்குத் தெரியும். அவர் மறுபக்கம் திரும்பி வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். குசுமா, "வாறம் அம்மா" என்று தலையாட்டினாள்.

திரும்பி வரும் வழி எல்லாம் அதே வழிதான். கண்டியில் கூட்டம், தெல்தோட்டை பஸ்ஸில் கலஹா வரைக்கும் நின்றுகொண்டு வந்தேன். மேலே ஏற ஏறக் குளிர்ந்தது. கலகெதரையில் மரமும் நிழலும் வீட்டைச் சுற்றி இடமும் இருக்கின்றன. எங்கள் லயத்தில் அது இல்லை. ஆனால் லயத்தில் ஒருவர் வந்து இறங்கினால் பத்து வாசலிலும் ஆள் நிற்கும்.

நின்றார்கள். பாக்கியம்தான் முன்னால்.

"என்ன பெரியம்மா, வாயத் தொறந்தீங்களா?"

பாற்சோற்றைப் பிரித்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். "பாக்கியம், தீவாளிக்கு ஒன் பெரிய பாயக் கொஞ்சம் தா. மக வருது."

அவள் வாய்க்குக் கொண்டுபோன கையை நிறுத்தினாள். "எந்த மக?"

"கலகெதர மக" என்றேன்.